பனாமா சிட்டியில் எங்கே சாப்பிடலாம்? யார் எங்கே சாப்பிட்டார்கள்?

 

கப்பலில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் போன வாரம் வாட்ஸப்பில் கேட்டார். "டாக்டர், இந்தத் தடவை பனாமாவில் ரெண்டு நாள் கரையில் இறங்குவோம்னு சொல்றாங்க. நீங்கதான் எல்லா ஊர் சாப்பாட்டைப் பற்றியும் படிப்பீங்களே, அங்க எங்க சாப்பிடலாம்?"

நான் பனாமா போனதில்லை. அரசு மருத்துவமனை டூட்டி ரோஸ்டரில் இருந்து தப்பித்து பழனி போவதே பெரிய விஷயம். ஆனால் பனாமாவைப் பற்றி எம்பிபிஎஸ் படிக்கும்போதே ஒரு ஆர்வம் வந்துவிட்டது. மலேரியா, மஞ்சள் காய்ச்சல், கொசு ஒழிப்பு என்று சமூக மருத்துவத்தில் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தக் கால்வாய் வந்து நிற்கும். அதைத் தேடிப் படிக்கப் போய், அந்த ஊரின் சாப்பாட்டுக் கதையில் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஊரில் "எங்கே சாப்பிடலாம்" என்பது வெறும் ருசி சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை மக்களே. ரொம்ப காலம் அது உங்கள் தோலின் நிறம் சம்பந்தப்பட்ட கேள்வி.

வாங்க, ஒரு தர்பூசணித் துண்டில் இருந்து ஆரம்பிப்போம்.

1856 ஏப்ரல் 15. அப்போது பனாமா தனி நாடு கிடையாது. நியூ கிரனடா என்ற நாட்டின் ஒரு பகுதி, அதாவது இன்றைய கொலம்பியா. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பிய காலம். கப்பலில் பனாமாவின் ஒரு கரைக்கு வந்து, நிலத்தைக் கடந்து, மறு கரையில் இன்னொரு கப்பல் பிடித்துப் போவார்கள்.

முதலில் இந்த நிலத்தைக் கடக்க படகோட்டிகளும் கழுதைக்காரர்களும்தான் கதி. வழியில் தங்க இடம், சாப்பாடு எல்லாம் உள்ளூர்க்காரர்கள் கொடுத்தார்கள். கையில் காசு புரண்டது. 1855இல் அமெரிக்கக் கம்பெனி ரயில் விட்டது. சில நாள் பிடித்த பயணம் சில மணி நேரமானது. படகு போச்சு, கழுதை போச்சு, வழிச்சாப்பாட்டுக் கடையும் போச்சு. மிஞ்சியது ரயில் நிலையத்தைச் சுற்றிய தெருவோர வியாபாரம் மட்டும்தான்.

அப்படி ஒரு பழ வியாபாரி ஹோசே மனுவேல் லூனா. ஜாக் ஆலிவர் என்ற அமெரிக்கப் பயணி, நல்ல போதையில் வந்து ஒரு துண்டு தர்பூசணியை எடுத்துக் கடித்துவிட்டு காசு கொடுக்காமல் நடையைக் கட்டினார். விலை 5 சென்ட். லூனா காசு கேட்க, ஆலிவர் துப்பாக்கியை எடுக்க, லூனா கத்தியை எடுக்க, உடன் வந்த இன்னொரு பயணி காசைக் கொடுத்து சமாதானம் பேச, கூட்டத்தில் ஒருவர் துப்பாக்கியைப் பறிக்க, அது வெடிக்க... ஊரே கிளம்பி ரயில் நிலையத்தைச் சூழ்ந்துவிட்டது.

விடிவதற்குள் 15 அமெரிக்கர்கள், 2 உள்ளூர்க்காரர்கள் மரணம்.

5 சென்ட் பழத்துக்கா இவ்வளவு? இல்லீங்க. பிழைப்பைப் பிடுங்கியவன் கடைசியில் பழத்துக்கும் காசு தரமாட்டேன் என்றால் வரும் கோபம் அது. அமெரிக்கா செப்டம்பரில் படையை இறக்கியது. நஷ்ட ஈடும் கேட்டது. இறுதியில் நியூ கிரனடா கட்டிய தொகை 4 லட்சத்து 12 ஆயிரம் டாலருக்கும் மேல். வரலாற்றில் இதற்குப் பெயரே "தர்பூசணித் துண்டு சம்பவம்"தான்.

அடுத்து கால்வாய்.

1881இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். சூயஸ் கால்வாயை வெட்டிய அதே லெஸ்ஸெப்ஸ் தலைமை. எட்டு வருடத்தில் கம்பெனி திவால். இறந்தவர்கள் சுமார் 22,000 என்பது பிற்பாடு கோர்காஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் போட்ட கணக்கு. பெரும்பாலும் மலேரியா, மஞ்சள் காய்ச்சல்.

ஒரு மருத்துவராக எனக்கு வயிற்றைக் கலக்கும் இடம் இதில் ஒன்று உண்டு. அங்கோன் குன்றில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மருத்துவமனை அந்தக் காலத்துக்கு மிக அருமையான மருத்துவமனை. எறும்புத் தொல்லை அதிகம் என்பதால், கட்டில் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி வைத்தார்கள். தோட்டத்துச் செடிகளைச் சுற்றியும் தண்ணீர் வளையம். நம்ம வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போம் இல்லையா, அதே யோசனைதான். எறும்பு வரவில்லை. அந்தத் தண்ணீரில் கொசு முட்டையிட்டது. ஜன்னலில் வலை இல்லை. வேறு நோய்க்குச் சேர்ந்தவர் வார்டிலேயே மஞ்சள் காய்ச்சல் வாங்கினார். கொசுதான் பரப்புகிறது என்று கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே 1881இலேயே சொல்லியிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

1897இல் நம்ம செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1900இல் ஹவானாவில் வால்டர் ரீட் குழு ஃபின்லே சொன்னது சரி என்று நிரூபித்தது. அதனால் 1904இல் அமெரிக்கா கால்வாயைக் கையில் எடுத்தபோது கோர்காஸிடம் விடை இருந்தது. வீடு வீடாகப் புகை போட்டார். தேங்கிய தண்ணீரில் எண்ணெய் ஊற்றினார். பனாமா சிட்டிக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டு வந்தார்கள். மழைநீர்த் தொட்டியும் பீப்பாயும் வீட்டில் தேவையில்லை என்றானது. 1905 நவம்பரோடு பனாமா சிட்டியில் மஞ்சள் காய்ச்சல் மரணம் நின்றது.

சூப்பர் இல்ல? பாடப்புத்தகம் இந்த இடத்தோடு முற்றுப்புள்ளி வைத்துவிடும். சாப்பாட்டுக் கூடம் பக்கம் போகாது.

நாம போவோம்.

கால்வாய் வேலையில் இரண்டு சம்பளப் பட்டியல். ஒன்று "கோல்ட் ரோல்". தங்கப் பட்டியல். இன்னொன்று "சில்வர் ரோல்". வெள்ளிப் பட்டியல். பெயர் வந்தது சம்பளம் கொடுத்த நாணயத்தில் இருந்து. அமெரிக்க வெள்ளையருக்குத் தங்கம். பார்படோஸ், ஜமைக்கா போன்ற கரீபியத் தீவுகளில் இருந்து வந்த கறுப்பினத் தொழிலாளிக்கு வெள்ளி. பார்படோஸில் இருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் மட்டும் சுமார் 20,000 பேர். ஒரு சின்னத் தீவு அது.

சீக்கிரமே தங்கமும் வெள்ளியும் நாணயம் என்ற அர்த்தத்தை இழந்துவிட்டன. தங்கம் என்றால் வெள்ளையர், வெள்ளி என்றால் கறுப்பர். தபால் நிலையத்தில் இரண்டு ஜன்னல். கடையில் இரண்டு வாசல். தண்ணீர்க் குழாய் இரண்டு. மருத்துவமனை வார்டு இரண்டு.

சாப்பாட்டுக் கூடம் மூன்று.

முதலாவதுக்குப் பெயர் "ஹோட்டல்". தங்க இடம் கிடையாது, சாப்பாடு மட்டும்தான் (நம்ம ஊரில் ஹோட்டல் என்றால் என்னவோ அதேதான்!). தங்கப் பட்டியல்காரர்களுக்கு. ஒரு வேளை 30 சென்ட். மேசை, நாற்காலி, பரிமாற ஆள். அமெரிக்காவில் இருந்து குளிரூட்டிய கப்பலில் வந்த மாட்டிறைச்சி, ஐஸ், புது ரொட்டி.

இரண்டாவது "மெஸ்". ஸ்பெயின், இத்தாலி போன்ற நாடுகளில் இருந்து வந்த ஐரோப்பியக் கூலிகளுக்கு. மூன்று வேளைக்கும் சேர்த்து 40 சென்ட். பெஞ்சு உண்டு.

மூன்றாவது "கிச்சன்". கரீபியத் தொழிலாளிகளுக்கு. ஒரு நாளைக்கு சுமார் 30 சென்ட். தட்டு நீங்களே கொண்டு வரவேண்டும். வரிசையில் நின்று வாங்கவேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. மேசை கிடையாது. நின்றோ, வெளியே தரையில் குந்தியோ, மழையில் கிடைத்த கூரைக்குக் கீழேயோ சாப்பிடுங்கள். பனாமாவில் வருடத்தில் எட்டு மாதம் மழை, நினைவில் வைங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. கரீபியத் தொழிலாளியின் கூலி மணிக்கு 10 சென்ட். பத்து மணி நேர வேலைக்கு 1 டாலர். அதில் 30 சென்ட் சாப்பாட்டுக்கே போச்சு. நாள் கூலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பல வருடம் கழித்து, 1963இல் வயதான தொழிலாளர்களிடம் நினைவுகளை எழுதி வாங்கினார்கள். வேகாத சோறு, மெல்ல முடியாத மாமிசம் என்று அந்தக் கிச்சன் சாப்பாட்டைப் பற்றி அவர்கள் சொன்னது அப்போதும் ஆறாத கசப்போடுதான் இருக்கிறது.

இன்னொரு பக்கம், "கரீபியர்கள் சோம்பேறிகள், மெதுவாக வேலை செய்கிறார்கள்" என்று அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். டைனமைட் வெடிக்கும் இடத்தில், இடுப்பளவு சேற்றில், அரைவயிற்றோடு மண் அள்ளுபவர் வேற எப்படி வேலை செய்வார்?

இப்ப மருத்துவத்துக்கு வர்றேன். மஞ்சள் காய்ச்சல் ஒழிந்த பிறகு, 1906, 1907இல் கறுப்பினத் தொழிலாளிகளை அதிகம் கொன்றது கொசு இல்லை. நிமோனியா.

ஒரே கூரைக்குக் கீழே 70க்கும் மேற்பட்டவர்கள். அடுக்கடுக்காகக் கித்தான் படுக்கை. நனைந்த உடையோடு வந்து அதே உடையோடு தூக்கம். உடம்பில் சத்து இல்லை. நிமோகாக்கஸ் கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒருவர் இருமினால் வரிசைக்கே பரவும். பெனிசிலின் வர இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கு.

பிறகு பல தொழிலாளர்கள் அந்தக் கொட்டகைகளை விட்டு வெளியேறி, காட்டோரம் சின்னச் சின்னக் குடிசை போட்டு, குடும்பத்தோடு, தோட்டம் போட்டு வாழ ஆரம்பித்தார்கள். நிமோனியா மளமளவென்று குறைந்தது. நெருக்கடியைக் குறைத்ததுதான் காரணம் என்று கோர்காஸே சொன்னார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நிமோனியா கொன்று குவித்தபோது அங்கே போய் அவர் கொடுத்த ஆலோசனையும் இதுதான்: ஆட்களை அடைத்து வைக்காதீர்கள்.

நான் அதோடு சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்வேன். குடிசைக்குப் போனவர் கிச்சன் சோற்றில் இருந்தும் தப்பித்தார். வீட்டில் பெண்கள் சமைத்தார்கள். அந்தப் பெண்களைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. கால்வாய் நிர்வாகம் அவர்களை வேலைக்கு அழைத்து வரவில்லை. சொந்தச் செலவில் கப்பல் ஏறி வந்தார்கள். துணி துவைத்தார்கள். சமைத்ததைக் கூடையில் சுமந்து வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டு போய் விற்றார்கள். நாற்காலி இல்லாத கூடத்தில் நிற்பதைவிட, அந்த அம்மாவிடம் வாங்கி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவது மேல் என்று தொழிலாளிகள் நினைத்தார்கள். பனாமா சிட்டியின் உண்மையான உணவக வரலாறு அந்தக் கூடையில்தான் ஆரம்பிக்கிறது என்பது என் கருத்து.

அமெரிக்கர் காலத்தில் கால்வாய்க்காக இறந்தவர்கள் பதிவுப்படி 5,609 பேர். அதில் சுமார் 4,500 பேர் கரீபியக் கறுப்பினத் தொழிலாளிகள். வெள்ளை அமெரிக்கர்கள் 350 அளவில்.

1914இல் கால்வாய் திறந்தது. தங்கம் வெள்ளி முறை மட்டும் அப்படியே தொடர்ந்தது. 1940களில் பெயரை மாற்றினார்கள். பலகையில் "அமெரிக்க விகிதம்", "உள்ளூர் விகிதம்" என்று எழுதினார்கள். ஜன்னல் இரண்டாகவே இருந்தது. ஒரே வேலைக்கு ஒரே அடிப்படைச் சம்பளம் என்ற வாக்குறுதி 1955 ஒப்பந்தத்தில்தான் வந்தது.

"அமெரிக்கர்கள்தான் அப்படி, பனாமாக்காரர்கள் நல்லவர்கள்" என்று நினைக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

1941இல் அதிபர் அர்னுல்ஃபோ அரியாஸ் புதிய அரசியலமைப்பைக் கொண்டு வந்தார். குடியேறத் தடை செய்யப்பட்ட இனங்கள் என்று அதில் ஒரு பட்டியல். ஸ்பானிய மொழி பேசாத கறுப்பர்கள், மஞ்சள் இனத்தவர், ஆசியா மைனர் மற்றும் வட ஆப்பிரிக்க இனத்தவர். அதோடு இந்தியாவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். ஆமாங்க, நம்மையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். அங்கே ஏற்கெனவே கடை வைத்திருந்த இந்திய வியாபாரிகள் இருந்தார்கள்.

அதிகம் அடிபட்டது சீனர்கள். சில்லறை வியாபாரத்தை அந்நியர் நடத்தக்கூடாது என்று கடைகளைக் கைமாற்ற வைத்தார்கள். தலைமுறையாக வைத்திருந்த மளிகைக் கடையை வந்த விலைக்குத் தள்ளினார்கள். அந்த வருடம் அக்டோபரிலேயே அரியாஸ் கவிழ்க்கப்பட்டார். 1946இல் புது அரசியலமைப்பு வந்து அந்தப் பிரிவு போனது. போன கடைகள் போனதுதான்.

இத்தனைக்கும் சீனர்கள் பனாமாவுக்கு வந்தது கால்வாய்க்கு முன்பே. 1854 மார்ச் 30 அன்று "சீ விட்ச்" என்ற கப்பலில் ரயில் பாதை போட வந்தார்கள். காய்ச்சலிலும் மன உளைச்சலிலும் மடிந்தார்கள். மட்டச்சின் என்ற இடத்தில் கூட்டமாகத் தற்கொலை செய்துகொண்டார்கள். இன்று அதே மார்ச் 30, பனாமாவில் சீன இனத்தவர் தினமாக அரசால் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

சரி, வரலாறு போதும் டாக்டர், சாப்பாட்டைச் சொல்லுங்கன்னு நீங்க கேட்பது காதில் விழுது. சொல்றேன்.

காலை டிஃபன் ஞாயிற்றுக்கிழமை என்றால் சீன ஹோட்டலுக்குப் போங்க. பனாமாக்காரர்கள் குடும்பத்தோடு காலையிலேயே டிம்சம் சாப்பிடுவார்கள். ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி, உள்ளே இறால், பன்றி இறைச்சி என்று வகை வகையாக இருக்கும். எல் தொராதோ பகுதி இதற்குப் பெயர் போனது. லுங் ஃபுங் என்ற பெரிய உணவகம் ஊரறிந்தது. தெருமுனை மளிகைக் கடையைக்கூட அங்கே "சினித்தோ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்னச் சீனர் என்று அர்த்தம். 1941இல் பிடுங்கிய கடைகளின் பேரப்பிள்ளைகள்.

ஊர்க்காரர்களின் காலை உணவு வேண்டுமென்றால் "ஃபோண்டா". நம்ம ஊர் சின்ன மெஸ் மாதிரி. ஒஹால்த்ரே என்று ஒரு பொரித்த மைதா ரொட்டி, நம்ம பட்டூராவின் தூரத்து உறவு. கரிமனோலா என்பது மரவள்ளிக்கிழங்கு மாவுக்குள் கறி வைத்துப் பொரித்தது. ருசி. ஆனால் எல்லாமே எண்ணெய். சர்க்கரை, கொழுப்பு உள்ளவங்க ஒன்றோடு நிறுத்துங்க. அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது "சாங்கோச்சோ". நாட்டுக்கோழி, ஒரு வகை வள்ளிக்கிழங்கு, நீள இலைக் கொத்தமல்லி போட்ட கோழி ரசம். மிளகாய் குறைவு, உப்பு மட்டும் பார்த்துக்கோங்க.

சாந்தா ஆனா சதுக்கத்தில் "கஃபே கோகா கோலா" என்று ஒரு பழைய கடை. 1875 முதல் இருப்பதாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் கால்வாய் தோண்ட வருவதற்கும் முன்னால். சாப்பாடு சாதாரணம்தான் என்று போனவர்கள் சொல்கிறார்கள். உட்கார்ந்து சதுக்கத்தை வேடிக்கை பார்க்கப் போகலாம்.

மீன் சந்தை, "மெர்காதோ தே மரிஸ்கோஸ்". ஜப்பான் அரசு உதவியில் கட்டியது. கீழே மீன், பக்கத்தில் வரிசையாக செவிச்சே கடைகள். பச்சை மீனை எலுமிச்சைச் சாறு, வெங்காயம், மிளகாயில் ஊறவைத்து டம்ளரில் தருவார்கள். மருத்துவராக ஒரு வார்த்தை: எலுமிச்சை மீனின் புரதத்தை வெள்ளையாக்கும், வெந்த மாதிரி காட்டும். ஆனால் எல்லா கிருமியையும் புழுவையும் கொல்லும் என்று நம்ப முடியாது. 1991இல் பெருவில் ஆரம்பித்து லத்தீன் அமெரிக்கா முழுக்கக் காலரா பரவியபோது செவிச்சே பெரிதாக அடிபட்டது. கர்ப்பிணிகள், கல்லீரல் நோயாளிகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் வேண்டாம். பக்கத்துக் கடையில் பொரித்த மீன் இருக்கு, அதைச் சாப்பிடுங்க.

அங்கிருந்து கடலோரமாகப் போனால் காஸ்கோ வியஹோ, பழைய நகரம். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அழகு. விலையும் அப்படியே. டாலரிலேயே கொடுக்கலாம், பல்போவாவும் டாலரும் அங்கே ஒன்றுதான்.

அதைத் தாண்டி எல் சொரியோ. வெள்ளிப் பட்டியல்காரர்கள் மர வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டை. 1989 டிசம்பர் 20 அன்று நொரியேகாவைப் பிடிக்க அமெரிக்கப் படை வந்தபோது தீப்பிடித்து எரிந்தது. இன்று அங்கே கடலைப் பார்த்தபடி "சபோரெஸ் தெல் சொரியோ" என்று உணவுக் கடைகள். முழு மீனைப் பொரித்து, வாழைக்காயைத் தட்டிப் பொரித்த பத்தகோனோடு தருவார்கள். பகலில் போங்க, இருட்டுவதற்குள் கிளம்பிடுங்க.

கடைசியாக ரியோ அபாஹோ. கரீபிய வம்சாவளியினர் அதிகம் வாழும் பகுதி. நண்பர் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட முடியும் என்றால் நான் அங்கேதான் அனுப்புவேன். தேங்காய்ப்பாலில் வேகவைத்த "அரோஸ் கோன் குவாந்தூ" கேளுங்க. குவாந்தூ என்னன்னு நினைக்கிறீங்க? துவரை! பச்சைத் துவரை போட்ட தேங்காய்ப்பால் சோறு. துவரை பிறந்த மண் இந்தியா. இங்கிருந்து ஆப்பிரிக்கா போய், அடிமைக் கப்பல்களோடு கரீபியன் போய், பிறகு பனாமாவுக்கு வந்தது. குவாந்தூ என்ற பெயரே துவரைக்குத் தெலுங்கில் சொல்லும் "கந்துலு"வில் இருந்து போனது என்று கருதுபவர்களும் உண்டு. இன்று பனாமாவில் கிறிஸ்துமஸ் விருந்து இந்தச் சோறு இல்லாமல் நடக்காது. அதிபர் வீட்டிலும் அதேதான், குடிசையிலும் அதேதான்.

நேரமிருந்தால் சாப்பிடும் முன் கலிதோனியா பகுதியில் ஆப்ரோ அன்டில்லியன் அருங்காட்சியகம் பாருங்க. பார்படோஸ் தொழிலாளர்கள் கட்டிய சின்ன மரத் தேவாலயம் அது. ஒரு தொழிலாளி குடும்பத்தின் படுக்கையும் அடுப்படியும் எப்படி இருந்தன என்று வைத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தச் சோற்றோடு மஞ்சள் நிறத்தில் ஒரு மிளகாய்ச் சாஸ் வைப்பார்கள். "அஹி சோம்போ". நம்ம ஊர் மிளகாயெல்லாம் அதன் பக்கத்தில் குழந்தை. அல்சர் உள்ளவங்க தொடாதீங்க. "சோம்போ" என்பது கரீபியக் கறுப்பர்களை இழிவாகக் கூப்பிட அந்த ஊரில் வைத்த சொல். அவர்கள் கொண்டு வந்த மிளகாய் என்பதால் மிளகாய்க்கும் ஒட்டிக்கொண்டது. பாட்டிலில் அப்படித்தான் அச்சடித்திருக்கும். கடையில் சாஸ் கேட்க மட்டும் அந்தப் பெயரைச் சொல்லுங்க. பரிமாறுகிறவரைப் பார்த்து விளையாட்டுக்குக்கூடச் சொல்லிடாதீங்க.